வேளச்சேரி முதல் தாம்பரம் வரை: கரண்ட், தண்ணி, கேஸ், நெட் – ஒரு வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு ஆகும்?

வேளச்சேரி வாசி – 9 ஆகஸ்ட் 2025, காலை 9.12

வாடகைக்கு மூன்று வீடு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று வேளச்சேரி, ஒன்று மேடவாக்கம், ஒன்று கிழக்குத் தாம்பரம். மூன்றுமே இரண்டு பெட்ரூம். நாங்கள் மூன்று பேர், ஒரு ஏசி. வாடகை வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, மற்ற செலவுதான் பிடிபடவில்லை.

மேடவாக்கம் வீட்டில் கரண்ட்டுக்கு சப் மீட்டர் (வீட்டுக்காரரின் மெயின் இணைப்பிலிருந்து பிரித்து மாட்டிய மீட்டர்), யூனிட் 9 ரூபாய் என்கிறார்கள். தாம்பரத்தில் தனி சர்வீஸ் (தனி மின் இணைப்பு), ஆனால் கோடையில் லாரி தண்ணி. வேளச்சேரியில் மெட்ரோ வாட்டர் உண்டு, மெயின்டனன்ஸ் அதிகம்.

தெரிய வேண்டியவை: எந்த இடத்தில் எதற்கு யார் பொறுப்பு? கரண்ட் பில் கணக்கு எப்படி வருகிறது? 480 யூனிட்டுக்கும் 510 யூனிட்டுக்கும் நடுவே பில் தாவுகிறது என்கிறார்களே, அது எதனால்? ஒவ்வொன்றும் தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

மீட்டர் மணி – காலை 9.50

கரண்ட்டில் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. மூன்று இடத்துக்கும் ஒரே நிறுவனம்தான்: தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். 2024 வரை டான்ஜெட்கோ என்ற பெயரில் இருந்தது. வாயில் எல்லாருக்கும் இன்னும் "ஈபி"தான். கட்டணமும் மாநிலம் முழுக்க ஒன்றே.

வீட்டு இணைப்புக்கு 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த விகிதம், இரண்டு மாதக் கணக்கில்:

மொத்தம் 500 யூனிட்டுக்குள் என்றால் முதல் 100 இலவசம். 101–200 வரை ரூ.2.35. 201–400 வரை ரூ.4.70. 401–500 வரை ரூ.6.30.

மொத்தம் 500-ஐத் தாண்டினால் முதல் 100 அப்போதும் இலவசம்தான். ஆனால் 101–400 முழுக்க ரூ.4.70. 401–500 ரூ.6.30. 501–600 ரூ.8.40. 601–800 ரூ.9.45. 801–1000 ரூ.10.50. அதற்கு மேல் ரூ.11.55.

2025 ஜூலையில் 3.16 சதவீத உயர்வு வந்தது. வீடுகளுக்கு அதை அரசே ஏற்றுக்கொண்டதால் மேலே சொன்ன விகிதம் மாறவில்லை. வீடுகளுக்கு நிலைக்கட்டணம் 2022-லேயே எடுத்தாயிற்று. பழைய பில்லை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் அதைச் சேர்க்க வேண்டாம்.

தாவல் எங்கே என்றால், சரியாக 500 யூனிட்டுக்கு 235 + 940 + 630 = ரூ.1,805. 501 யூனிட்டுக்கு 1,410 + 630 + 8.40 = ரூ.2,048.40. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை ரூ.243.40. 101–200 வரம்பின் சலுகை விலை 500-ஐத் தாண்டியதும் பறிபோகிறது, அதுதான் காரணம்.

உங்கள் 480-ஐயும் 510-ஐயும் போட்டுப் பார்த்தால் 480-க்கு ரூ.1,679, 510-க்கு ரூ.2,124. முப்பது யூனிட்டுக்கு 445 ரூபாய்.

---

நாலாவது மாடி – காலை 10.21

மணி சார், ரீடிங் எடுக்க வருபவர் 60 நாளில் வராமல் 67, 68 நாள் கழித்து வந்தால் அந்த எட்டு நாள் யூனிட்டும் சேர்ந்து 500-ஐத் தாண்டிவிடுகிறதே? அதற்கு என்ன செய்வது?

---

மீட்டர் மணி – காலை 10.44

நியாயமான கேள்வி. முந்தைய ரீடிங் எடுத்த தேதி பில்லிலும் செயலியிலும் இருக்கும். அதிலிருந்து 60-ஆம் நாள் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். இப்போதைய மின்னணு மீட்டர்களில் திரை தானாக மாறிக்கொண்டே இருக்கும்: தேதி, நேரம், கே.டபிள்யூ.எச் (அதுதான் யூனிட்), அதிகபட்ச லோடு என்று வரிசையாக வரும். தேதி காட்டும் திரை ஒரு படம், கே.டபிள்யூ.எச் காட்டும் திரை ஒரு படம், இரண்டும் வேண்டும். பலர் கே.டபிள்யூ திரையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு ரீடிங் பொருந்தவில்லை என்கிறார்கள். கே.டபிள்யூ என்பது லோடு, யூனிட் கிடையாது.

தாமதமாக எடுத்ததால் வரம்பு தாண்டியிருந்தால் அந்தப் படங்களோடு பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து, கையெழுத்து போட்ட நகல் வாங்குங்கள். ஈபியின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-ல் பதிந்து புகார் எண்ணும் வாங்கி வையுங்கள். அங்கே தீராவிட்டால் வட்ட அளவில் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர். வாயால் சொன்ன புகாருக்கு அங்கெல்லாம் மதிப்பில்லை, தாள் வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். இந்த முறை எட்டு நாள் தள்ளி எடுத்து, அடுத்த முறை பழைய தேதிக்கே வந்துவிட்டால் அடுத்த சுற்று 52 நாள்தான். புகார் கொடுக்கும் முன் இரண்டு சுற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

பில் கட்ட ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள். "இன்றிரவு கரண்ட் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று தனியார் கைபேசி எண்ணிலிருந்து வரும் குறுஞ்செய்தி முழு மோசடி. அதில் வரும் எண்ணைத் தொடவே தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் சர்வீஸ் நம்பரைப் போட்டு நிலுவையை நீங்களே பாருங்கள்.

---

கணக்குப்பிள்ளை – காலை 11.30

மேடவாக்கம் வீட்டின் சப் மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் வாடகைக்காரர்களின் பணம் அதிகம் போகிறது, வீட்டுக்காரருக்கும் அதில் முழு லாபம் இல்லை.

ஒரே சர்வீஸில் இரண்டு குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் வீடு 400 யூனிட், கீழ் வீடு 220 யூனிட், மெயின் மீட்டரில் 620. பில்: 1,410 + 630 + 840 + (20 × 9.45 = 189) = ரூ.3,069.

தனித்தனி சர்வீஸ் இருந்தால் மேல் வீட்டுக்கு ரூ.1,175. கீழ் வீட்டுக்கு 235 + 94 = ரூ.329. இரண்டும் சேர்ந்து ரூ.1,504. அதாவது ஒரே இணைப்பில் இருப்பதால் இரண்டு மாதத்துக்கு ரூ.1,565 வீண். இலவச 100 யூனிட்டும் சலுகை விலையும் ஒரு சர்வீஸுக்கு ஒரு தடவைதான் கிடைக்கும் என்பதால் வரும் நஷ்டம் இது.

இதே 620 யூனிட்டுக்கு வீட்டுக்காரர் யூனிட் 9 ரூபாய் என்று வாங்கினால் ரூ.5,580 வரும். ஈபிக்குப் போவது ரூ.3,069. உண்மையான சராசரி யூனிட்டுக்கு ரூ.4.95.

அதனால் வீட்டுக்காரரிடம் இரண்டு வழி வைத்துப் பேசுங்கள். நல்ல வழி: உங்கள் போர்ஷனுக்குத் தனி சர்வீஸ். விண்ணப்பம் வீட்டுக்காரர் பெயரில் போகட்டும், செலவைப் பகிரலாம். இரண்டாவது வழி: மெயின் மீட்டர் பில் தொகையை மெயின் மீட்டர் யூனிட்டால் வகுத்து, வரும் சராசரியை உங்கள் சப் மீட்டர் யூனிட்டால் பெருக்குவது. மெயின் மீட்டரின் சர்வீஸ் நம்பர் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால் பில் தொகையை யுபிஐ செயலியிலேயே பார்க்கலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் "மின் கட்டணம் ஈபி பில்லின் விகிதப்படி" என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். வாடகைத் தகராறு வந்தாலும் தண்ணி, கரண்ட்டை நிறுத்தக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது.

---

சாந்தி_மடிப்பாக்கம் – பிற்பகல் 12.15

கணக்குப்பிள்ளை அண்ணா சொன்ன சராசரி முறை சப் மீட்டர் சரியாக ஓடினால்தான் உதவும். கடையில் மலிவாக வாங்கி மாட்டிய சப் மீட்டர் வேகமாக ஓடுவதும் உண்டு. சோதித்துப் பார்ப்பது சுலபம்.

மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 3200, சிலதில் 1600. எல்லா சுவிட்சையும் அணையுங்கள், ஃபிரிட்ஜ் பிளக்கையும் கழற்றுங்கள். சிவப்பு விளக்கு சிமிட்டக் கூடாது. எல்லாம் அணைத்தும் சிமிட்டினால் மெயின் சுவிட்சையே இறக்குங்கள். அப்போதும் சிமிட்டினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே வேறு யாரோ இழுத்திருக்கிறார்கள், மாடிப்படி விளக்கு, மோட்டார் மாதிரி. மெயினை இறக்கியதும் நின்றுவிட்டால் வீட்டுக்குள்ளேதான் கசிவு.

அடுத்து 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் போடுங்கள். 3200 மீட்டரில் இரண்டு சிமிட்டலுக்கு நடுவே சுமார் 11 நொடி இருக்க வேண்டும். பத்து சிமிட்டலுக்கு நேரம் எடுத்தால் 112 நொடி சுமார். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் கொஞ்சம் முன்பின் ஆகும். ஆனால் 85, 90 நொடியில் முடிந்தால் மீட்டர் மேல் சந்தேகப்படலாம். எல்இடி பல்பை வைத்து இதைச் செய்யாதீர்கள், அட்டையில் போட்ட வாட்டும் இழுக்கும் வாட்டும் ஒன்றாக இருப்பதில்லை.

ஈபி மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால் கட்டணம் கட்டி மீட்டரைச் சோதிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். கழற்றும்போது ரீடிங்கைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

---

வேளச்சேரி வாசி – பிற்பகல் 12.58

ரொம்ப நன்றி அக்கா. எங்களுக்கு ஒரு ஏசி, ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன். கோடையில் 500-க்குள் இருக்க முடியுமா?

---

சாந்தி_மடிப்பாக்கம் – பிற்பகல் 1.40

கோடை இரண்டு மாதத்துக்கு (60 நாள்) போட்டுப் பார்ப்போம்.

ஃபிரிட்ஜ் 40 யூனிட். பழைய ஃபேன் மூன்று, ஒவ்வொன்றும் 75 வாட், நாளுக்கு 12 மணி நேரம்: 162. விளக்கு 16. டிவி 19. வாஷிங் மெஷின் 12. மிக்ஸி 8. செட்டாப் பாக்ஸும் ரவுட்டரும் நாள் முழுக்க ஓடினால் 29. சேர்த்து 286. கோடையில் கீசர் போட மாட்டீர்கள் என்பதால் சேர்க்கவில்லை.

ஏசி 1.5 டன், ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் என்றால் மணிக்கு அரை யூனிட் வைத்துக்கொள்ளுங்கள். இரவு 8 மணி நேரம், 60 நாள்: 240. (லேபிளில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட் 1600 மணி நேரத்துக்கு. அதை 1600-ஆல் வகுத்தால் உங்கள் ஏசியின் மணிக்கணக்கு வரும்.) பழைய இன்வெர்ட்டர் இல்லாத ஏசி என்றால் கணக்கே வேறு, கம்ப்ரசர் ஓடும்போது ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும்.

ஆக 526 யூனிட், பில் ரூ.2,258.40.

இப்போது ஏசியை 24-லிருந்து 26-க்கு ஏற்றுங்கள். ஒரு டிகிரிக்கு சுமார் 6 சதவீதம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பி.இ.இ. சொல்லும் கணக்கு. இரண்டு டிகிரிக்கு 29 யூனிட். மொத்தம் 497, பில் ரூ.1,786.10. வெறும் 29 யூனிட்டுக்கு 472 ரூபாய் மிச்சம்.

அல்லது மூன்று ஃபேனையும் குறைந்த கரண்ட் இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 162 என்பது 65 ஆகும். 97 யூனிட் குறைந்து 429, பில் ரூ.1,357.70. கோடைச் சுற்றில் 900 ரூபாய் மிச்சம். ஏசி இல்லாத சுற்றில் அதே 97 யூனிட்டுக்கு 430 ரூபாய்தான் மிஞ்சும், ஏனென்றால் அப்போது குறையும் யூனிட்டில் பெரும்பாலானவை 4.70 வரம்பிலும் மிச்சம் 2.35 வரம்பிலும் இருக்கும். ஃபேன் விலை எத்தனை நாளில் திரும்பும் என்று பார்ப்பவர்கள் இரண்டையும் கலந்து கணக்குப் போடுங்கள்.

எந்தப் பொருளை மாற்றுவதானாலும் பில்லின் சராசரி விலையை வைத்துக் கணக்கிடாதீர்கள். குறையப்போவது மேல் வரம்பில் உள்ள யூனிட், அதன் விலை என்ன என்று பாருங்கள்.

---

அடுப்பங்கரை – பிற்பகல் 3.05

அதே கணக்கு சமையலுக்கும் பொருந்தும்.

சென்னையில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் 2025 ஏப்ரல் 8 அன்று ரூ.868.50 ஆனது, கீழே உள்ள கணக்கு அந்த விலையில்தான். இண்டேன், பாரத், ஹெச்பி மூன்றுக்கும் ஒரே விலைதான். அதனால் விலை பார்த்துத் தேர்வு செய்ய எதுவும் இல்லை. உங்கள் தெருவுக்கு எந்த ஏஜென்சியின் வண்டி ஒழுங்காக வருகிறது என்று மட்டும் பக்கத்து வீட்டில் கேளுங்கள். டெலிவரி சரியில்லாவிட்டால் வேறு ஏஜென்சிக்கு இணைப்பை மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

பில்லில் உள்ள தொகையில் வீட்டு வாசல் வரை கொண்டுவரும் கூலி அடக்கம், எத்தனையாவது மாடி என்றாலும். அதற்கு மேல் கொடுப்பது உங்கள் மனசு. ஓடிபி எண்ணை சிலிண்டர் வீட்டுக்குள் வந்த பிறகே சொல்லுங்கள்.

சிலிண்டர் வந்ததும் மூன்று பார்க்க வேண்டும். ஒன்று எடை: கைப்பிடிக்குக் கீழே பட்டையில் காலி எடை அடித்திருக்கும், 15.3 என்றால் மொத்தம் 29.5 இருக்க வேண்டும். தராசு கொண்டுவரும்படி கேட்பது உங்கள் உரிமை. இரண்டு, சோதனைக் கெடு: அதே பட்டைகளில் ஒன்றின் உட்பக்கம் ஏ, பி, சி, டி எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். கெடு கடந்ததை வாங்காதீர்கள். மூன்று, மூடியைத் திறந்து வால்வில் சோப்புத் தண்ணி விட்டுக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். கசிந்தால் 1906.

இண்டக்ஷனா, கேஸா? ஒரு சிலிண்டரில் உள்ள சூடு சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். கேஸ் அடுப்பில் பாத்திரத்துக்குப் போவது அதில் 65 சதவீதம் என்றும், இண்டக்ஷனில் 85 சதவீதம் என்றும் எடுத்தால், ஒரு சிலிண்டர் சமையலை இண்டக்ஷனில் செய்ய 135–140 யூனிட். ரூ.868.50-ஐ அதால் வகுத்தால் யூனிட்டுக்கு சுமார் ரூ.6.30.

உங்கள் கடைசி யூனிட் 4.70-ல் இருந்தால் இண்டக்ஷன் லாபம். 6.30-ல் இருந்தால் இரண்டும் ஒன்று. 8.40-க்குப் போய்விட்டால் கேஸ்தான். சாந்தி போட்ட 497 யூனிட் வீட்டில் கோடையில் இண்டக்ஷனில் குழம்பு வைத்தால் 500 தாண்டும், மழைக்காலத்தில் அதே வீட்டில் தாராளமாக வைக்கலாம்.

---

தாம்பரத்தான் – பிற்பகல் 3.48

குழாய் கேஸ் பற்றியும் சொல்லுங்கள் அக்கா. எங்கள் பக்கம் அடுக்ககங்களில் கேட்டு வருகிறார்கள்.

---

அடுப்பங்கரை – பிற்பகல் 4.20

அதில் மாவட்ட எல்லை முக்கியம். சென்னை, திருவள்ளூர் பகுதிக்கு உரிமம் டாரன்ட் கேஸ். காஞ்சிபுரம், செங்கல்பட்டு பகுதிக்கு திங்க் கேஸ் (முன்பு ஏஜி அண்ட் பி பிரதம்). தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம். ஒரு பகுதிக்கு ஒரே நிறுவனம்தான், இரண்டில் ஒன்று என்று பேரம் பேச முடியாது. உங்கள் தெருவில் குழாய் இறங்கியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

விலை ஒப்பிட: ஒரு சிலிண்டர் சூட்டுக்குச் சமம் சுமார் 18 கன மீட்டர் குழாய் கேஸ். 868.50-ஐ 18-ஆல் வகுத்தால் ரூ.48 சுமார். வரியோடு சேர்த்து அவர்கள் சொல்லும் கன மீட்டர் விலை அதற்குக் கீழே இருந்தால் லாபம். வரி சேர்க்காத விலையைச் சொல்வார்கள், கேட்டு வாங்குங்கள். டெபாசிட் எவ்வளவு, அதில் திரும்ப வருவது எவ்வளவு, குறைந்தபட்ச பில் உண்டா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

குழாய் கேஸின் அழுத்தம் சிலிண்டர் கேஸைவிடக் குறைவு என்பதால் அடுப்பின் ஜெட்டை மாற்றித் துளை பெரிதானதைப் போடுவார்கள். மாற்றாமல் எரித்தால் சுடர் சிறுத்து, பருப்பு வேக இரட்டிப்பு நேரம் ஆகும். அதே அடுப்பை மறுபடி சிலிண்டரில் மாட்டும்போது பழைய ஜெட் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் சுடர் மஞ்சளாகி உயர்ந்து எரியும், ஆபத்து. கழற்றிய ஜெட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது ரொம்ப அவசியம்.

---

சம்ப் சேகர் – மாலை 5.10

தண்ணிதான் மூன்று வீட்டுக்கும் மூன்று விதம்.

வேளச்சேரி சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது, அங்கே சென்னைக் குடிநீர் வாரியம். தாம்பரம் 2021-ல் தனி மாநகராட்சி ஆனது, தண்ணி விஷயத்தை அவர்களே பார்க்கிறார்கள், மெட்ரோ வாட்டர் பில் அங்கே வராது. மேடவாக்கம் ஊராட்சி. ஒரே சாலையில் போவதற்குள் புகார் கொடுக்க வேண்டிய அலுவலகம் இரண்டு முறை மாறுகிறது.

மெட்ரோ வாட்டரில் இரண்டு தனித்தனிப் பணம் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். குடிநீர், கழிவுநீர் வரி என்பது சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம், அரையாண்டுக்கு ஒரு முறை. இது வீட்டுக்காரர் பொறுப்பு. குடிநீர்க் கட்டணம் என்பது வேறு, மீட்டர் இல்லாத வீட்டுக்குக் குடித்தனத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை. வாடகைக்காரர் தலையில் இரண்டையும் சேர்த்துக் கட்டினால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். புகாருக்கு 044-4567 4567.

தேவை எவ்வளவு என்று பார்ப்போம். ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது திட்டக் கணக்கு. மூன்று பேருக்கு 405 லிட்டர், மாதம் சுமார் 12,000 லிட்டர். அதாவது ஒரு பெரிய லாரி லோடு. எட்டு வீடுள்ள அடுக்ககத்தில் 24 பேர் இருந்தால், வேறு தண்ணியே வராத மாதத்தில் எட்டு லோடு. மெயின்டனன்ஸில் தண்ணிக்காக எவ்வளவு வாங்குகிறார்கள் என்று இதோடு ஒப்பிடுங்கள்.

லோடு விலையை எப்போதும் லிட்டருக்கு மாற்றுங்கள். 12,000 லிட்டர் லோடு ரூ.1,800 என்று வைத்தால் லிட்டர் 15 காசு. 20 லிட்டர் கேன் ரூ.40 என்றால் லிட்டர் 2 ரூபாய். குடிக்க, சமைக்க மட்டும் கேன் என்று வைத்தால்தான் கட்டுப்படியாகும்.

தனியார் லாரியில் அளவு குறைவது சகஜம். சம்ப்பை (தரைக்குக் கீழே உள்ள தண்ணித் தொட்டி) வைத்தே பிடிக்கலாம். சம்ப் 10 அடிக்கு 8 அடி என்றால் பரப்பு 80 சதுர அடி. ஒரு அடி உயரத்துக்கு சுமார் 2,265 லிட்டர், ஒரு அங்குலத்துக்கு 189 லிட்டர். 12,000 லிட்டர் இறங்கினால் தண்ணி 5 அடி 3½ அங்குலம் ஏற வேண்டும். மூங்கில் குச்சியிலோ பிவிசி பைப்பிலோ அங்குலம் குறித்து சம்ப் மூடிக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். லாரி வால்வைத் திறக்கும் முன் ஒரு முறை, மூடிய பின் ஒரு முறை அளக்க வேண்டும். மோட்டார் அந்த நேரத்தில் ஓடக் கூடாது. 4 அடி 9 அங்குலம்தான் ஏறியது என்றால் 1,200 லிட்டருக்கு மேல் குறைவு. குச்சியை எடுத்துக்கொண்டு போய் நின்றாலே அடுத்த லோடு சரியாக வரும்.

போர் தண்ணி வரும் வீடென்றால் ஒரு டிடிஎஸ் மீட்டரோடு (தண்ணியில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) போய்ப் பாருங்கள். இந்தியத் தரம் 500 வரை ஏற்கிறது, வேறு தண்ணி இல்லாவிட்டால் 2000 வரை பொறுக்கலாம் என்கிறது. கடினத்தன்மை அதிகமான தண்ணி என்றால் கீசர் எலிமென்ட்டில் உப்புப் படிந்து ஒரே வாளி தண்ணி சூடாக அதிக நேரம் எடுக்கும், பிறகு எலிமென்ட்டே போகும். ஆர்ஓ போட்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகும். லாரி தண்ணி வாங்கும் வீட்டில் அந்தத் தண்ணியை வாளியில் பிடித்து பாத்ரூமுக்கு வையுங்கள்.

---

நாலாவது மாடி – மாலை 5.55

மெயின்டனன்ஸில் காமன் மீட்டர் கரண்ட் என்று பெரிய தொகை வருகிறதே, அது எதற்கு?

---

மீட்டர் மணி – மாலை 6.20

மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு எல்லாம் தனி சர்வீஸ், தனி விகிதம். அதில் இலவச 100 யூனிட் கிடையாது. கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று நிலைக்கட்டணமும் உண்டு.

2023 நவம்பர் 1 முதல் சின்ன அடுக்ககங்களுக்குக் குறைந்த விகிதம் கொடுத்தார்கள்: 10 வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாமல் இருந்தால் யூனிட் ரூ.8.15 என்பது ரூ.5.50 ஆனது. அதன் பிறகு பொதுக் கட்டண உயர்வுகளும் வந்திருப்பதால் இன்றைய எண்ணை உங்கள் பில்லில் பாருங்கள். தகுதி இருந்தும் பழைய விகிதத்திலேயே கட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்கள் இருக்கின்றன. பில்லில் டேரிஃப் என்ற இடத்தில் 'ஒன்று டி' என்று இருந்தால் பெரிய விகிதம், 'ஒன்று இ' என்றால் சின்ன அடுக்கக விகிதம். மாற்ற வேண்டுமானால் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

கூடவே அனுமதிக்கப்பட்ட லோடையும் பாருங்கள். பழைய 5 எச்பி மோட்டாரை எடுத்துவிட்டு 1.5 எச்பி போட்ட பிறகும் லோடைக் குறைக்காமல் விட்டால், ஓடாத மோட்டாருக்கு நிலைக்கட்டணம் போய்க்கொண்டே இருக்கும்.

---

ஃபைபர் முருகு – இரவு 7.30

நெட்டுக்கு நான். இதில் மட்டும்தான் உண்மையிலேயே போட்டி இருக்கிறது: ஏர்டெல், ஜியோ, ஏசிடி, பிஎஸ்என்எல், கூடவே உள்ளூர் கேபிள்காரர்.

விளம்பர விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். 499 என்றால் ரூ.588.82, 399 என்றால் ரூ.470.82. ஆறு மாதம், ஒரு வருடம் மொத்தமாகக் கட்டினால் கழிவு என்பார்கள். வாடகை வீட்டில் முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டி, மழை நாளில் லைன் நிற்கிறதா என்று பார்த்த பிறகு மொத்தமாகக் கட்டுங்கள்.

மூன்று பேருக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். வேகம் வரவில்லை என்று வரும் புகாரில் பாதிக்கு மேல் வைஃபை கோளாறு. ரவுட்டரிலிருந்து கேபிள் போட்டு லேப்டாப்பில் வேகம் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை, ரவுட்டரை ஷெல்ஃப் மூலையிலிருந்து எடுத்து ஹாலில் உயரமாக வையுங்கள்.

வீடு காலி செய்யும்போது ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் விடாதீர்கள்.

---

வேளச்சேரி வாசி – இரவு 8.45

எல்லாருக்கும் நன்றி. தாம்பரம் வீட்டுக்குச் சாய்கிறோம், தனி சர்வீஸ் இருப்பதால். அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

---

கணக்குப்பிள்ளை – இரவு 9.20

முதலில் சர்வீஸ் நம்பர். மண்டலம் இரண்டு இலக்கம், பிரிவு மூன்று, விநியோகம் மூன்று, கடைசியில் இணைப்பு எண். சென்னை தெற்கு மண்டலம் என்றால் 09-ல் தொடங்கும். அதைப் போட்டு நிலுவை இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பழைய பாக்கி ஆள் பெயரில் நிற்காது, இணைப்பின் மேல் நிற்கும். கட்டாவிட்டால் உங்கள் வீட்டு ஃபியூஸைத்தான் பிடுங்குவார்கள்.

அடுத்து அந்த நம்பர் உங்கள் போர்ஷனுக்குரிய மீட்டருடையதுதானா என்று உறுதி செய்யுங்கள். வரிசையாக ஐந்து மீட்டர் மாட்டியிருக்கும் இடத்தில் மாறிப்போவது சாதாரணம். உங்கள் வீட்டு மெயினை இறக்கி, எந்த மீட்டரில் சிமிட்டல் நிற்கிறது என்று ஒருவர் கீழே நின்று பார்க்கட்டும்.

கடந்த ஓராண்டு பில் தொகை, ஆறு சுற்றுக்கும் கேளுங்கள். அதில் ஒரு சுற்றில் மட்டும் தொகை திடீரென்று கூடியிருந்தால் கூடுதல் காப்புத்தொகையாக இருக்கலாம். அது வைப்புப் பணம், வீட்டுக்காரர் பெயரில் நிற்பது. அதை உங்களிடம் வாங்கக் கூடாது, இனி வந்தாலும் அவர்தான் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

சாவி வாங்கும் நாளில் மீட்டரின் தேதித் திரையையும் கே.டபிள்யூ.எச் திரையையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். சுற்றின் நடுவில் குடி வந்தால் அந்த பில்லில் உங்கள் பங்கு எவ்வளவு என்று அந்தப் படம்தான் சொல்லும்.

---

சம்ப் சேகர் – இரவு 9.41

சம்ப் மூடியைத் திறக்கச் சொல்லி நீள, அகலமும் அளந்துகொள்ளுங்கள். 12,000 லிட்டர் கொள்ளாத சம்ப் என்றால் பெரிய லோடு வாங்க முடியாது, சின்ன லோடுக்கு லிட்டர் விலை கூடும். லாரி உள்ளே வர தெரு அகலம் போதுமா, கேட்டிலிருந்து சம்ப் வரை எத்தனை அடி ஹோஸ் வேண்டும் என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.